வாசலில் நிற்பவன்

நான் சிறுவனாயிருந்த காலத்தில், நோன்பு மாதத்துப் பின்னிரவுகளில் எங்கள் கல்முனைத் தெருக்களில் ஒரு றபான் ஒலி எழும். ஸஹர் உணவுக்கு ஊரை எழுப்பிவிடும் பக்கீர் பாவாவின் றபான் அது. பக்கத்தில் ஒரு பையன் லாந்தரைப் பிடித்துக்கொண்டு வருவான். பாவாவின் பைத் ஓசை தூரத்தில் தோன்றி, எங்கள் வேலியருகே வளர்ந்து, அடுத்த தெருவில் தேய்ந்து மறையும். பெருநாளன்று அவர் வாசலில் வந்து நிற்பார். உம்மா சுளகில் அரிசியும் அதன்மேல் சில்லறையும் வைத்துக் கொடுப்பார். கொடுக்கும் கையில் குறை இருந்ததில்லை. ஆனால், "உள்ளே வந்து இரிங்க பாவா" என்று எங்கள் வீட்டில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் எந்த ஊரவர், பெருநாள் கழிந்தபின் எங்கே போகிறார் என்று எவரும் வினவியதுமில்லை.

பல்லாண்டுகளுக்குப் பின், சார்ளி சப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' என்ற படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வாசற்காட்சி என் மனத்தில் வந்து நின்றது. அன்றுமுதல் நாடோடிகளையும் தெருக்கூத்தர்களையும் வாழ்வில் நொடித்தவர்களையும் பற்றிய படங்களை நான் வேறு கண்கொண்டு பார்க்கலானேன். இத்தகைய படங்களில் நாடோடி படும் துன்பத்தை எண்ணி நாம் கண்ணீர் விடுகிறோம். ஆயினும் ஊன்றி நோக்கினால், அங்கே சோதனைக்குள்ளாகிறவன் வீடுடையவனே என்பது புலனாகும். வழியோடு வந்தவன் வாசலில் நிற்கிறான். உள்ளே இருப்பவன் என்ன செய்கிறான் என்பதே கதை.

தொட்டறிந்த கை

தொளதொளத்த காற்சட்டை, இறுகிய கோட்டு, மூங்கிற் பிரம்பு ஆகியவற்றோடு சப்ளினின் நாடோடி திரையில் முதன்முதல் தோன்றியது 1914ஆம் ஆண்டில். 'சிட்டி லைட்ஸ்' வெளிவந்த 1931இல் படங்கள் பேசத் தொடங்கிவிட்டன. சப்ளின் மட்டும் தம் நாடோடியைப் பேசவிட மறுத்தார். அப்படத்தில் ஒரு செல்வந்தன் வருகிறான். குடிமயக்கத்தில் நாடோடியைக் கட்டித் தழுவித் தன் மாளிகைக்கு அழைத்துச் செல்கிறான். மயக்கம் தெளிந்ததும் அவனை யாரென்றே அறியாதவனாகி வெளியே தள்ளுகிறான். பார்வையற்ற பூக்காரிப் பெண்ணோ அவனை ஒரு சீமானென்று எண்ணி அன்பு காட்டுகிறாள். அவளுடைய கண் சிகிச்சைக்குப் பணம் தேடிக் கொடுத்த நாடோடி சிறை செல்கிறான். மீண்டு வரும்போது அவளுக்குப் பார்வை கிடைத்திருக்கிறது. கந்தலுடன் நிற்பவனைக் கண்டு சிரித்து, இரக்கத்தோடு காசு கொடுக்க அவன் கையைப் பற்றுகிறாள். பற்றிய கை அவளுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது. கண் காணாததைக் கை கண்டது! என் உம்மா கொடுத்த சில்லறை பாவாவின் கையைத் தொடாமலே அவரது பைக்குள் விழுந்ததை அப்பொழுதுதான் நினைத்துக்கொண்டேன்.

பேசிய நாடோடிகள்

இந்திய நாட்டில் இந்த நாடோடிக்குப் பேச்சும் பாட்டும் வந்து சேர்ந்தன. ராஜ்கபூரின் 'ஆவாரா' 1951இல் வெளிவந்தது. கதை கே. ஏ. அப்பாஸ் எழுதியது. கள்வனின் மகன் கள்வனாகவே வளர்வான் என்ற கொள்கையுடைய நீதிபதி ஒருவர், தம் மனைவிமீது ஐயங்கொண்டு, கருவுற்றிருந்த அவளை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார். தெருவில் பிறந்த அந்தப் பிள்ளையே பின்னர் குற்றவாளிக் கூண்டில் அவர்முன் நிற்கிறான். சோவியத் நாட்டிலும் கோடிக்கணக்கானோர் இப்படத்தை விரும்பிப் பார்த்தனர். 1955இல் வந்த 'ஸ்ரீ 420' இன்னும் நுட்பமானது. பம்பாய் நடைபாதைவாசிகள் ஊர்பேர் தெரியாத இளைஞன் ஒருவனுக்குத் தங்கள் நடுவே இடமளிக்கிறார்கள். அவனே பின்னர் செல்வரோடு கூடி, நூறு ரூபாய்க்கு வீடு தருவதாகச் சொல்லி அந்த ஏழைகளின் பணத்தைத் திரட்டும் சூழ்ச்சியில் பங்காளியாகிறான். வீடில்லாதவனிடத்தில் வீடென்ற சொல்லே எத்துணை ஆசை மூட்டவல்லது!

தமிழில் 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யும் இவ்வகையைச் சார்ந்ததே. யுத்த காலத்தில் ரங்கூனிலிருந்து சென்னைக்கு வரும் குணசேகரன், உள்ளதைப் பறிகொடுத்துத் தெருவில் அலைகிறான், பைத்தியமாக நடிக்கிறான். இறுதியில் நீதிமன்றத்தில் நின்று உலகத்தையே கேள்வி கேட்கிறான். சப்ளின் மௌனத்தால் சொன்னதைக் கலைஞர் கருணாநிதியின் வசனம் இடிமுழக்கமாகச் சொல்லிற்று. அம்முழக்கத்தில் மயங்கிய நாம், அதே படத்தில் கைக்குழந்தையோடு வாசல் வாசலாக அலையும் கல்யாணியின் கதையை அந்த அளவுக்கு நினைவில் வைத்தோமா என்பது ஐயமே.

பொய்க்காலும் இரும்புச் சங்கிலியும்

நம் நாட்டில் இதற்கு உகந்த சான்று, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் வெளியிட்ட 'ரேகாவ'. கலையகத்தின் செயற்கை அரங்குகளை விட்டு உண்மையான கிராமத்துக்குள் கமராவைக் கொண்டுசென்ற சிங்களப் படம் அது. பொய்க்கால் ஆட்டக்காரனான மிகேல் தன் குரங்கோடு ஊருக்குள் வருகிறான். சேனா என்ற சிறுவனின் கைரேகையைப் பார்த்து, அவன் நோய் தீர்ப்பவனாவான் என்கிறான். பார்வையிழந்த தோழியின் கண்களைச் சேனா தொட, அவள் பார்வை பெறுகிறாள். ஊர் அவனைக் கொண்டாடுகிறது. தந்தை அதில் காசு பார்க்கிறான். குணமாக்கக் கொண்டுவந்த மற்றொரு சிறுவன் இறந்ததும் அதே ஊர் பகையாகிறது. கூத்தாடி சொன்ன ஒரு சொல், ஊரின் பேராசையையும் அச்சத்தையும் ஒருங்கே வெளிக்கொணர்ந்துவிட்டது. 1957இல் கான் திரைப்பட விழாவில் இப்படம் காட்டப்பட்டது. உள்நாட்டிலோ வசூலில் தோல்வியுற்றது.

தெருக்கூத்தர் யாவரும் நல்லவர், வீடுடையோர் யாவரும் தீயவர் என்று எண்ணிவிடவும் கூடாது. இத்தாலிய இயக்குநர் பெலினியின் 'லா ஸ்திராதா' (1954) இதற்கு விடை. நெஞ்சை விரித்து இரும்புச் சங்கிலியை அறுத்துக் காட்டும் சம்பானோ, ஏழைத் தாயொருத்தியிடம் பத்தாயிரம் லீரா கொடுத்து ஜெல்சோமினா என்ற பேதைப்பெண்ணை உதவிக்கு வாங்கிச் செல்கிறான். மேளம் கொட்டவும் காகளம் ஊதவும் கற்றுக்கொண்ட அவளை, ஒரு நாள் தூக்கத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். ஆண்டுகள் கழித்து, அவள் ஊதிய மெட்டை வேறொரு பெண் முணுமுணுக்கக் கேட்கிறான். அவள் இறந்த செய்தியை அறிகிறான். இரவில் கடற்கரை மணலில் விழுந்து அழுகிறான். கூரையில்லாதவனுக்கும் உள்ளத்தில் ஒரு வாசல் உண்டு. அதை அவன் அடைத்துவிட்டால், அவன்கூட வீடுடையவனைப்போல் கல்லாகிவிடுவான்.

எங்கள் கரையில்

அந்தக் கடற்கரை எனக்கு இத்தாலியக் கரையாகத் தோன்றவில்லை. எங்கள் கரைக்கும் கூத்தர்கள் புதியவர்களல்லர். அக்கரைப்பற்றை அடுத்த அளிக்கம்பையில் குறவர் மக்கள் வாழ்கின்றனர். தெலுங்கு அவர்களின் தாய்மொழி. பாம்பாட்டுவதும் குரங்காட்டுவதும் கைபார்த்துக் குறி சொல்வதும் அவர்தம் பரம்பரைத் தொழில்கள். ஊரூராய்க் கூடாரமடித்துத் திரிந்தவர்கள் நிலைத்த குடிகளாகிவிட்டார்கள். அவர்களுடைய ஆட்டத்தைக் கண்டு கைதட்டியவர்களே, ஆட்டம் முடிந்ததும் முற்றத்தில் கிடந்த பொருள்களை எண்ணிப் பார்த்ததையும் நான் கண்டிருக்கிறேன்.

வீடுடையவர் என்ற செருக்கு எத்துணை மெலிந்தது என்பதை 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எங்களுக்குக் காட்டிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது எங்கும் கல்வீடும் ஓலைவீடும் ஒன்றுபோலவே போயின. காலையில் தானம் கொடுக்கும் நிலையில் இருந்தவர்கள், மாலையில் பாடசாலை மண்டபங்களில் பிறர் கொடுத்த சோற்றுப் பொதிக்குக் கை நீட்டினார்கள். ஸக்காத்துக்கு உரியோரென வகுக்கப்பட்ட எட்டு வகையினரில் வழிப்போக்கனும் ஒருவன் என்பதைச் சிறுவயதில் ஓதி மனனம் செய்திருந்தோம். அந்த வழிப்போக்கன் நாமேயாகக் கூடும் என்று அன்றுவரை எண்ணியவர் எத்தனைபேர்?

இப்பொழுது ஸஹருக்கு எழுப்பக் கைத்தொலைபேசி இருக்கிறது. றபான் ஒலி அரிதாகிவிட்டது. சென்ற நோன்புப் பெருநாளன்று முதிய பாவா ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். காசை எடுத்த கையோடு, "எந்த ஊர் பாவா உங்களுக்கு?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"நாப்பது வருசமா இந்தத் தெருவால வாறன் மகன். ஊரைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

உள்ளே வந்து இருக்கச் சொன்னேன். முதலில் தயங்கினார். பின் செருப்பைக் கழற்றி, றபானைச் சுவரோரம் சாய்த்துவைத்து, நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். தேநீர் வந்தது. தம் ஊரைச் சொன்னார். மூத்த மகளைப் பற்றிச் சொன்னார். குடித்து முடித்ததும் றபானை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார்.