ஔந்த் மேசையில் ஒரு மலைப்பாதை

புனேயில் குட்டி ரயில் என்றால் கோத்ரூட்தான். பாவுசாகேப் ஜோஷி உருவாக்கிய மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் 1998 முதல் அங்கே இயங்குகிறது. ஔந்தில் இருக்கும் எனக்கு ஆசையை மூட்டியது அதுதான். இப்போது என் மேசையில் கர்ஜத்–கண்டாலா மலைப்பாதை வளர்கிறது.

பெரும்பாலானோர் எடுப்பது எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதையின் 1,676 மில்லிமீட்டருக்குக் கணக்குப்படி 19.3 வர வேண்டும். அதனால் சக்கரங்கள் பெட்டிக்கடியில் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

புதுக்கருக்குக் கலையாத வண்டியைத்தான் என்னால் பொறுக்க முடியாது. மலையிறக்கத்தில் பிரேக் தேய்ந்து இரும்புத்தூள் பறக்கும். பெட்டியின் அடிப்பாகமெல்லாம் செம்பழுப்பாகிவிடும். அதற்கு, நீர்க்கக் கரைத்த அக்ரிலிக் பழுப்பைப் பூசி, காயுமுன் துடைத்துவிடுவேன். இடுக்குகளில் மட்டும் அழுக்கு தங்கும். பிறகு பாஸ்டல் குச்சியைச் சுரண்டிய தூளை மென்தூரிகையால் தடவி, பளபளப்பில்லாத வார்னிஷ் தெளித்தால் உதிராது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே அழுக்கு கூடாது. பணிமனையிலிருந்து அன்றுதான் வந்த பெட்டி ஒன்று நடுவே பளிச்சென்று இருக்கட்டும்.

சுரங்க வாயில் மழைக்காலப் பாசி வேண்டும். தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துரு நிறம். மேல்பரப்பில் மட்டும் பெயின்ட் படவே கூடாது. எஞ்சினுக்கு மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது.