சின்னக் குளியலறைக்கு எந்தத் தொட்டி?

தோட்டங்கள் இருந்த இடங்களில் தாமான்களும் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்ட வட்டாரம் நம் ஜுரு. லயத்துக் குழாயடியில் வரிசை பிடித்துக் குளித்த குடும்பங்கள் இன்று சொந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கின்றன. அந்த வீடும் பழசாகிப் புதுப்பிக்கும் வேளையில், "சிமெண்டுத் தொட்டியை இடித்துவிட்டு, சினிமாவில் வருவதுபோல் படுத்துக் குளிக்கும் தொட்டி வைப்போமே!" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆசையில் தவறில்லை, தாய்மார்களே! ஆனால் கடைக்குப் போகுமுன் சில கணக்குகளைப் போட்டுப் பாருங்கள்.

இடமும் எடையும்

படுத்துக் குளிக்கும் தொட்டி பெரும்பாலும் 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம் இருக்கும். உங்கள் குளியலறை 5 அடிக்கு 7 அடி என்றால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். துணி அலச இடமிருக்காது. குளிக்கும் அளவுக்கு நிரப்ப ஏறத்தாழ 150 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆளும் தொட்டியும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும். ஆகவே மாடியில் வைப்பதானால் விவரம் தெரிந்த பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள். வார்ப்பிரும்புத் தொட்டியின் எடை மட்டுமே 100 கிலோவுக்கு மேல் வரும். அக்ரிலிக் தொட்டி இலேசானது.

தண்ணீர்

வாளியில் மொண்டு குளிப்பவருக்கு 40 லிட்டர் தாராளம். அந்த 150 லிட்டரில் மூவர் குளித்து மிச்சமும் இருக்கும். 2024 ஜனவரி 10-ஆம் தேதி தொடங்கி, சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காகப் பினாங்கில் பல இடங்களில் தண்ணீர் நிறுத்தப்பட்டதே, நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் கைகொடுத்தது நாம் இடிக்க நினைக்கும் தொட்டிதான். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரமுள்ள தொட்டியில் 280 லிட்டர் வரை பிடிக்கும்.

வயதானவர்களும் குழந்தைகளும்

முக்கியமான விஷயம் இதுதான். படுத்துக் குளிக்கும் தொட்டிக்குள் போக ஒன்றரை அடி விளிம்பைத் தாண்ட வேண்டும். ஈரக் காலோடு பாட்டி அதைத் தாண்டுவதை எண்ணிப் பாருங்கள். இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் நடமாடுவது பெரும்பாடு. ஜப்பானியர் வெளியே உடம்பைக் கழுவிக்கொண்டு, குட்டையான ஆழத் தொட்டியில் உட்காருகிறார்கள். அதற்கு இடம் குறைவாகப் போதும். ஆனால் விளிம்பு இன்னும் உயரம். குழந்தைகளுக்கோ, சில அங்குலத் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. எந்தத் தொட்டியானாலும் அவர்களைத் தனியே விடாதீர்கள்.

கொசு

சிமெண்டுத் தொட்டியிலும் குறை உண்டு. ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையிடுகிறது. தண்ணீரை இறைத்துவிட்டால் போதாது. முட்டை காய்ந்தபடியே பல மாதம் உயிரோடிருக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாளே போதும். எனவே வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வீட்டில் கொசுப்புழு கண்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. டிங்கி வந்தால் அதைவிடப் பெரிய நஷ்டம்.

என்ன செய்யலாம்?

வீட்டில் முதியவரோ சிறு பிள்ளையோ இருந்தால், மூடி போட்ட சிறு தொட்டி ஒன்றும் ஷவரும் போதும். தொட்டியின் அடியில் தண்ணீர் வடிய துவாரம் வையுங்கள். வழுக்காத தரை ஓடு போட்டு, சுவரில் கைப்பிடிக் கம்பி பதியுங்கள். ஓடு ஒட்டுமுன், நீர்புகாப் பூச்சுப் பூசிய தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

படுத்துக் குளிக்கும் தொட்டிதான் வேண்டுமென்றால், கீழ்த்தளத்தில் 4 அடி அக்ரிலிக் தொட்டியாக வாங்குங்கள். வாங்குமுன் வீட்டிலுள்ள மூத்தவரைக் கடைக்கு அழைத்துப் போய், ஒருமுறை அதற்குள் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். அவர் தடுமாறினால் அந்தத் தொட்டி உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.