கண்ணுக்குத் தெரியாதோர் – 9: கட்டில் கம்பியில் 5 மாதம்

2020 மார்ச்சில் அரியாலை என்ற பெயர் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது. யாழ்ப்பாணத்தின் தொடக்ககாலக் கோவிட் தொற்றுகளில் பல, இங்கு நடந்த ஓர் ஆராதனைக் கூட்டத்தோடு தொடர்புபட்டிருந்தன. அந்த நாட்களில் இலங்கையெங்கும் பஸ் நிலையம், சந்தை, வீதி என்று பார்க்காமல் கிருமிநாசினி அடித்தார்கள். வீதிக்கு அடிப்பது வேண்டாத வேலை என்று மே மாதமே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. கோவிட் பெரும்பாலும் மூச்சுக்காற்றால்தான் பரவியது. பொருட்களைத் தொட்டு வந்தது குறைவு.

தொடுவதற்குப் பயப்படவேண்டிய இடம் வேறு. அது வைத்தியசாலைக் கட்டில்.

இந்த வாரத்து ஆள் அசினெற்றோபக்டர் என்ற பற்றீரியா. ஈரமில்லாத கட்டில் கம்பியில்கூட மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். 5 மாதம் வரை இருந்ததாக ஆய்வுகளில் பதிவுண்டு. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு வைத்தியர்கள் எடுக்கும் கார்பபீனெமுக்கும் மசியாத அதன் வகையை, 2017இல் உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான பற்றீரியாக்களின் பட்டியலில் முதல் வரிசையில் வைத்தது. சுகதேகியை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வென்டிலேற்றரில் கிடப்பவர், எரிகாயக்காரர், குறைமாதக் குழந்தை ஆகியோரைத்தான் பிடிக்கும்.

ஈராக் யுத்தத்தில் காயப்பட்ட அமெரிக்கப் படையினரின் புண்களில் இந்தக் கிருமி கிளம்பியபோது, குண்டு வெடிப்பில் மண்ணோடு உள்ளே போயிருக்கும் என்றே முதலில் நினைத்தார்கள். மண்ணைச் சோதித்தால், அங்கே அது அரிது. களவைத்தியசாலைகளின் சிகிச்சைக் கூடங்களைச் சோதித்தால், அங்கே இருந்தது. காயம் களத்தில் வந்தது. கிருமி சிகிச்சை கொடுத்த இடத்தில் வந்தது.

இதற்கு மருந்து துடைப்பதுதான். ஆனால் துடைப்பதிலும் முறையுண்டு. இரத்தமோ சளியோ பட்ட இடத்தில் குளோரினை அப்படியே ஊற்றினால், அழுக்கே அதன் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் சவர்க்காரத் தண்ணீர், பிறகு குளோரின், அதுவும் சில நிமிடம் ஈரமாக நிற்கவேண்டும். ஒரே துணியால் 10 கட்டிலைத் துடைத்தால், முதற் கட்டில்காரரின் கிருமி பத்தாவது ஆளுக்கும் போய்ச் சேரும். நிலம் பளபளப்பது பார்வைக்கு நல்லது. நோயாளியைக் காப்பது கை படும் இடங்களின் சுத்தம்: கட்டில் கம்பி, லொக்கரின் மேற்பக்கம், சேலைன் தொங்கும் கம்பி, பிரஷர் பார்க்கும் பட்டி, கதவுப்பிடி.

அரியாலையிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலை கிட்டத்தான். ஊரில் ஒருவர் வாட்டில் கிடந்தால் ஒழுங்கையே திரண்டு பார்க்கப் போகும். போங்கள். ஆனால் கட்டிலில் இருக்காதீர்கள். தோடம்பழப் பையை அதில் வைக்காதீர்கள். சொந்தக்காரரைத் தொட்ட கையோடு பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தலையைத் தடவாதீர்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். துணியும் வாளியுமாகச் சுத்திகரிப்புத் தொழிலாளி வந்தால் முகம் சுளிக்காமல் எழும்பி, அவர் துடைத்து முடியும்வரை வெளியே நில்லுங்கள்.

(தொடரும்)