விசைப்படகில் கார் கேமரா: சார்ட் பிளாட்டர் திரையில் பின்பக்கக் காட்சியைப் பெறுவது எப்படி?

நாட்டின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும் ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அமலில் உள்ளது. இன்ஜின் பழுது, வண்ணப் பூச்சு, மின் இணைப்புச் சீரமைப்பு எனப் படகுகளின் பராமரிப்புப் பணிகளுக்கு இந்த நாள்களே உகந்தவை. அந்தப் பணிகளோடு சேர்த்து, குறைந்த செலவில் செய்யக்கூடிய ஒன்று, கார்களுக்கென விற்கப்படும் ரிவர்ஸ் கேமராவைப் படகின் சார்ட் பிளாட்டர் திரையுடன் இணைப்பது.

இழுவலைப் படகில் ஓட்டுநர் முன்னோக்கி நின்று சுக்கானைப் பிடிக்கிறார். வலை விடுவதும் இழுப்பதும் அவரது முதுகுக்குப் பின்னால் நடக்கின்றன. இறுகிய கம்பிவடங்களுக்கும் வின்சுக்கும் இடையே தொழிலாளர்கள் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில், பின்பக்கம் நடப்பது அவருக்குக் குரல் மூலமாகவே தெரியவருகிறது. இன்ஜின் இரைச்சலில் குரலும் பல நேரங்களில் எட்டுவதில்லை. படகைப் பின்னோக்கிச் செலுத்தும்போது மிதக்கும் கயிறு புரொப்பல்லரில் சிக்கினாலோ, ஒருவர் தவறிக் கடலில் விழுந்தாலோ, அதை எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறார் என்பதுதான் முக்கியம்.

முதலில் பார்க்க வேண்டியது கேமராவை அல்ல, பிளாட்டரை. படகில் ஏற்கெனவே உள்ள கருவியில் ‘வீடியோ உள்ளீடு’ வசதி இருக்கிறதா என்பதை அதன் கையேட்டில் உறுதி செய்ய வேண்டும். விலை குறைந்த பல மாடல்களில் அது கிடையாது. சிலவற்றில் வசதி இருந்தாலும், அதற்கான இணைப்புக் கேபிளைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். கேமராவைவிட அந்தக் கேபிளின் விலை அதிகமாக இருந்தாலும் வியப்பதற்கில்லை. புதிய மாடல்கள் சில, நெட்வொர்க் வழியாக இயங்கும் ஐபி கேமராக்களை மட்டுமே ஏற்கின்றன. உள்ளீடே இல்லாத படகுகளில், கார்களில் பயன்படும் 7 அங்குலத் தனித் திரையை வைப்பது பிளாட்டரை மாற்றுவதைவிட மலிவு.

அனலாக் உள்ளீடு உள்ள பிளாட்டர்கள் ‘காம்போசிட்’ எனப்படும் பழைய வகை வீடியோ சமிக்ஞையை ஏற்பவை. சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கும் ரிவர்ஸ் கேமராக்களில் பெரும்பாலானவை இதே சமிக்ஞையை மஞ்சள் நிற ஆர்சிஏ முனை வழியாக வெளியிடுகின்றன. பிளாட்டரில் பிஎன்சி முனை இருந்தால், இரண்டையும் பொருத்தும் சிறிய அடாப்டர் போதும். ஆனால் சந்தையில் இப்போது ‘ஏஎச்டி’ வகைக் கேமராக்களும் கலந்து விற்கப்படுகின்றன. முனை ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், காம்போசிட் உள்ளீட்டில் அவற்றின் படம் தெரியாது. ‘எச்டி’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்தது பால், என்டிஎஸ்சி என்ற இரு ஒளிபரப்பு முறைகள். முதலாவது விநாடிக்கு 25 சட்டங்களையும், இரண்டாவது சுமார் 30 சட்டங்களையும் அனுப்புவது. கேமராவும் பிளாட்டரும் வெவ்வேறு முறையில் இருந்தால், படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் அல்லது மேலும் கீழுமாக உருளும். கேமரா பழுது என்று முடிவு செய்வதற்கு முன், பிளாட்டரின் அமைப்புப் பக்கத்தில் இதை மாற்றிப் பார்க்க வேண்டும்.

வயர் இணைப்பில் கவனம்

காரில் ரிவர்ஸ் கியர் விளக்கின் மின்சாரத்தால் கேமரா உயிர்பெறுகிறது. படகில் அந்த ஏற்பாடு இல்லை என்பதால், தனி சுவிட்சும், பேட்டரிப் பக்கத்துக்கு அருகில் 1 ஆம்பியர் ஃபியூஸும் தேவை. கேமரா ஓரிரு வாட் மின்சாரமே எடுக்கும். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பதற்காக. அது இல்லாமல் நேரடியாகப் பேட்டரியில் இணைத்த மெல்லிய வயர் எங்காவது உரசிக் குறுக்குச் சுற்று ஏற்பட்டால், தீப்பற்றும் அபாயம் உண்டு. படகின் மின் அமைப்பு 24 வோல்ட் என்றால், 12 வோல்ட் கேமராவை நேரடியாக இணைக்கக் கூடாது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டர் வேண்டும்.

வீடியோ கேபிளின் இரு முனைகளிலும் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு வயர், காரின் திரையைத் தானாக மாற்றுவதற்கானது. படகில் அதற்கு வேலை இல்லை. ஆனாலும் அதை அப்படியே விட்டுவிடாமல் இரு முனைகளையும் தனித்தனியே மூடிவிட வேண்டும்.

திரையில் கோடுகள் ஓடினால், கேமராவுக்கும் பிளாட்டருக்கும் எதிர்மின் இணைப்பை ஒரே இடத்திலிருந்து கொடுத்துப் பார்க்கலாம். விஎச்எப் ரேடியோவின் ஆன்டெனா கேபிளை ஒட்டி வீடியோ கேபிளைக் கொண்டு செல்வதும் படத்தைக் கெடுக்கும். காந்தத் திசைகாட்டியின் அருகே புதிய வயரோ திரையோ வந்தால், திசைகாட்டியின் அளவீடு மாறுகிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

எங்கே பொருத்துவது?

‘ஐபி67’ என்ற தரக்குறி, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதைக் குறிக்கும். அந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது. உப்புநீரின் அரிப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எனவே கூரை விளிம்பின் அடியில், அலைத்தெறிப்பு நேரடியாகப் படாத உயரத்தில் பொருத்துவது நல்லது. மலிவு கேமராக்களில் முதலில் அரிக்கப்படுவது பெரும்பாலும் திருகாணியும் தாங்கியும்தான். கேமராவின் உலோக உடல் எதிர்மின் வயருடன் உள்ளே இணைந்திருக்கக்கூடும் என்பதால், எஃகு மற்றும் அலுமினியப் படகுகளில் இடையே நைலான் தகடு வைப்பது அவசியம். இல்லையெனில், கசியும் மின்சாரம் படகின் உலோகத்தையே அரிக்கும். ஃபைபர் படகில் போடும் துளைகளை மரைன் சீலன்ட் கொண்டு அடைக்காவிட்டால், உள்ளிருக்கும் மரப்பகுதிக்குள் நீர் இறங்கிவிடும்.

கேமராவின் பார்வைக் கோணம் மிக அகலமானது. ஆகவே பொருள்கள் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறுத்தக் கோடுகள் காரின் உயரத்துக்கு அளவிடப்பட்டவை. படகில் அவற்றை நம்பித் தளத்தை நெருங்கினால் மோதல்தான் மிஞ்சும். பல கேமராக்களில் இந்தக் கோடுகளை நீக்கவும், இடவலத்தை மாற்றவும் சிறிய வயர் வளையங்கள் தரப்பட்டுள்ளன. அவற்றை வெட்டினால் அமைப்பு மாறும். இரவுக் காட்சிக்கான எல்இடி விளக்குகள் தெறிக்கும் நீர்த்துளிகளில் பட்டுத் திரையை வெண்மையாக்குவதும் உண்டு.

1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின் 5ஆம் விதி, ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் முறையாகக் கண்காணிக்க வேண்டும் என்கிறது. கிடைக்கும் பிற வழிகள் அனைத்தும் அதற்குக் கூடுதலானவை. உப்பு படிந்த லென்ஸில் கடலில் விழுந்தவரின் தலை தெரியாது. வின்ச் இயங்கும்போது பின்தளத்தில் ஒருவர் காவல் நிற்கும் வழக்கத்தைக் கேமரா வந்தபின் கைவிடக் கூடாது.

பொருத்திய பின் முதல் சோதனையைத் துறைமுகத்திலேயே செய்ய வேண்டும். பின்தளத்தின் வலது பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, முன்னோக்கி நிற்கும் ஓட்டுநரின் திரையிலும் அவர் வலது பக்கமே தெரிகிறாரா என்று பார்க்க வேண்டும். இடம் மாறித் தெரிந்தால் படத்தின் இடவலத்தைத் திருப்ப வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, விளக்குகளையும் ரேடியோவையும் இயக்கி, அதே சோதனையை இரவிலும் ஒருமுறை செய்வது நல்லது. அதன்பிறகு ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் லென்ஸை நன்னீரில் கழுவினால் போதும்.