வெற்றிடமும் பூஜ்யமும்

மழை பெய்யாத நாளுக்குக் குறிப்பேட்டில் பூஜ்யம் எழுதுகிறோம். மழைமானியைப் பார்க்க இயலாத நாளுக்கு எதையும் எழுதுவதில்லை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைக் களப் பணியாளர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இக்குறிப்புகள் கணினியின் தரவுத்தளத்தை அடைந்தபின் அவ்வேறுபாடு பார்ப்போர் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும்.

‘போஸ்ட்கிரெஸ்’ என்னும் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். பதிவாகாத மதிப்புக்கு அங்கே ‘நல்’ என்று பெயர். கட்டளை வரியில் வினவலைக் கொடுத்தால், ‘நல்’ உள்ள கட்டம் வெறுமையாகவே திரையில் தோன்றும். ‘மைசீக்வல்’ அவ்வாறன்றி அச்சொல்லையே காட்டும். இவ்விஷயத்தில் அதுவே நேர்மையான வழக்கம் என்று தோன்றுகிறது.

நான்கு நாட்களின் மழையளவு 12, 0, வெற்றிடம், 24 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். தரவுத்தளம் சராசரி காணும்போது ‘நல்’ மதிப்பை ஒதுக்கி, 36ஐ 3ஆல் வகுத்து 12 எனக் காட்டும். வெற்றிடத்தைப் பூஜ்யமெனக் கருதிய எழுத்தரோ 4ஆல் வகுத்து 9 என்பார். குறிப்புரைப் பத்தியிலும் குழப்பம் உண்டு: ‘நல்’ மதிப்பும், எழுத்தேதும் இல்லாத வெற்றுச் சரமும் பார்வைக்கு ஒன்றே.

பரிகாரம் எளிது. பின்சாய்கோட்டை அடுத்துப் ‘பிசெட் நல்’ என ஆங்கில எழுத்துகளில் தட்டெழுதி, ‘பதிவில்லை’ போன்றதொரு சொல்லை ஒற்றை மேற்கோளுள் இட்டால், ‘நல்’ உள்ள கட்டந்தோறும் அச்சொல் தோன்றும். வெற்றுச் சரம் மட்டுமே வெறுமையாக நிற்கும். சேமித்த மதிப்பு மாறுவதில்லை, தோற்றமே மாறும். அமர்வு முடிந்ததும் இவ்வேற்பாடு நீங்கிவிடுமாதலால், ‘பிஎஸ்கியூஎல்ஆர்சி’ என்னும் தொடக்கக் கோப்பில் அதே வரியை எழுதி வைத்தல் நலம்.