பழைய தானுந்துகளில் பொறி மிகைச்சூடாதல்

பொறி மிகைச்சூடாதல் என்பது தானுந்தின் பொறி (எஞ்சின்) தனக்குரிய இயங்கு வெப்பநிலையைத் தாண்டிச் சூடாகும் நிலை ஆகும். பழைய தானுந்துகளில் இது பெரும்பாலும் குளிர்நீர்மம் (கூலன்ட்) குறைவதால் ஏற்படுகிறது. குறைந்த அளவை நீரூற்றி நிரப்புவது தற்காலிகத் தீர்வு மட்டுமே. நீர்மம் எவ்வழியே வெளியேறியது என்பதை அறிவதே பழுதறிதலின் நோக்கம் ஆகும்.

குளிர்விக்கும் அமைப்பு

எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் குளிர்நீர்மத்தைச் சேர்கிறது. நீர் எக்கி (வாட்டர் பம்ப்) அந்நீர்மத்தைப் பொறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுழற்றுகிறது. பொறி போதிய அளவு சூடாகும்வரை தெர்மோஸ்டாட் எனும் அடைப்பிதழ் ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை மூடி வைத்திருக்கும்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அன்று. அது ஓர் அழுத்த அடைப்பிதழும் ஆகும். கடல்மட்டத்தில் 100 °செ-யில் கொதிக்கும் நீர், அழுத்தம் அரை பார் கூடினால் ஏறத்தாழ 111 °செ-யில்தான் கொதிக்கும். மூடியின் வில்லோ இரப்பர் வளையமோ தளர்ந்தால் இந்த வேறுபாடு இல்லாமற் போகிறது. அந்நிலையில் வேறெங்கும் கசிவு இல்லாமலே நீர்மம் பொங்கி வெளியேறும்.

2014 வரை தயாரிக்கப்பட்ட இந்துஸ்தான் அம்பாசடரில் நெடுங்காலம் பயன்பட்ட 1489 கன செ.மீ. பெட்ரோல் பொறியில், ஒரே பட்டை (ஃபேன் பெல்ட்) விசிறியையும் நீர் எக்கியையும் டைனமோவையும் சுழற்றியது. ஆகவே இவ்வகைப் பொறிகளில் மின்னேற்ற விளக்கு எரிவதும் வெப்பமானி ஏறுவதும் ஒருங்கே நிகழ்ந்தால், பட்டை அறுந்ததாக அல்லது தளர்ந்ததாகக் கொள்ளலாம்.

நீர்மம் வெளியேறும் வழிகள்

* புறக்கசிவு: இரப்பர்க் குழாய்களின் இணைப்புகள், ரேடியேட்டரின் பற்றவைப்புகள், பொறிக்கட்டையின் துருப்பிடித்த தகட்டு அடைப்பான்கள் ஆகியவற்றில் ஏற்படும். நீர் எக்கியின் அடியிலுள்ள சிறு துளையில் நீர் சொட்டினால் அதன் உள் அடைப்பு தேய்ந்துவிட்டது எனலாம்.
* மூடி வழி இழப்பு: மூடி அழுத்தத்தைத் தாங்காதபோது ஏற்படும். மீட்புக் கலம் இல்லாத பழைய வண்டிகளில் ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பினால், சூடாகி விரியும் நீர் சிறிது வெளியேறுவது இயல்பே. அதனைக் கசிவு எனக் கருதாமல் இருக்க, மேலே 2 முதல் 3 செ.மீ. இடைவெளி விடவேண்டும்.
* உட்கசிவு: பொறியின் தலைப்பகுதிக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் பழுதானால் நீர்மம் எரியறைக்கோ எண்ணெய்க்கோ செல்லும். தரையில் ஈரம் இராது.

கண்டறியும் முறை

முதற்கட்டச் சோதனைகளைப் பொறி முற்றிலும் ஆறிய பின்னரே செய்யவேண்டும்.

1. நீர்ம மட்டத்தைக் குறித்துவைத்து, சில நாட்கள் கழித்து எவ்வளவு குறைந்தது எனப் பார்க்கவேண்டும். மட்டம் குறையாமலே சூடானால் காரணம் கசிவு அன்று.
2. இணைப்புகளில் வெள்ளை அல்லது துருநிறக் கறை உள்ளதா எனப் பார்க்கவேண்டும். கசிந்த நீர் உலர்ந்தாலும் உப்புக்கறை எஞ்சியிருக்கும்.
3. கையெக்கியால் அமைப்புக்கு அழுத்தம் கொடுக்கவேண்டும். மூடியில் குறித்த அளவைத் தாண்டலாகாது. அழுத்தம் இறங்கியும் வெளியே ஈரம் தென்படாவிடின் உட்கசிவை ஐயுறவேண்டும்.
4. எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் மாறுதல், சூடான பின்னும் வெண்புகை தொடர்தல், பொறி இயங்கும்போது ரேடியேட்டரில் குமிழிகள் ஓயாது எழுதல் ஆகியவை ஹெட் கேஸ்கெட் பழுதின் அறிகுறிகள். குறுகிய பயணங்களில் எண்ணெய் மூடியில் மட்டும் படியும் வெண்ணுரை குளிர்ந்த ஈரத்தாலும் வரலாம்.
5. பொறி சூடாகியும் மேற்குழாய் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை எனலாம். அதனைக் கழற்றி வெந்நீரில் இட்டு, அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலையில் திறக்கிறதா எனச் சோதிக்கலாம். தெர்மோஸ்டாட் இல்லாமலே வண்டியை ஓட்டுவது உண்மையான காரணத்தை மறைத்துவிடும்.

எப்போது சூடாகிறது என்பதும் ஒரு தடயமாகும். ஆம்பூர் நகர நெரிசலில் ஏறும் வெப்பமானி மாதனூர் வழியான நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் இறங்கினால், குறை விசிறியில் அல்லது காற்றோட்டத்தில் உள்ளது. நகரில் சீராக இருந்து நெடுஞ்சாலையில் ஏறினால், ரேடியேட்டர் உட்புறம் அடைபட்டிருக்க வாய்ப்பு மிகுதி.

நீரின் தன்மை

மாதனூர் திருப்பத்தூர் மாவட்டத்தில், வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே அமைந்த ஊர். இப்பகுதியில் கோடை வெப்பம் 40 °செ-யைத் தாண்டுவதுண்டு. ஆனால் பழைய வண்டிகளுக்கு வெயிலைவிட ரேடியேட்டரில் ஊற்றும் நீரே நீண்டகாலக் கேடு விளைவிக்கக்கூடும். தோல் பதனிடுதலில் பச்சைத் தோலைக் கெடாமல் காக்க உப்பு இடப்படுகிறது. ஊறவைத்துக் கழுவும்போது அது கழிவுநீரில் சேர்கிறது. இக்கழிவுநீரால் பாலாற்றுப் படுகையின் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. இது தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது.

இத்தகைய நீர் இருவகையில் கெடுக்கிறது. கடினநீரிலுள்ள கால்சியம் பைகார்பனேட்டு சூடேறும்போது சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. உலோகத்தைவிட மிகக் குறைவாக வெப்பம் கடத்தும் இப்படிவு ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கிறது. குளோரைடு உப்புகளோ இரும்பையும் அலுமினியத்தையும் குழிகுழியாக அரிக்கின்றன. எனவே, சூடாகும் வண்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுவது நோயை வளர்ப்பதாகும். மின்கலத்திற்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீருடன் அரிப்புத் தடுப்பான் கொண்ட கூலன்ட்டைக் கலந்து பயன்படுத்துவதே சரியான முறை ஆகும். உறைபனி இல்லாத ஊர்களிலும் கூலன்ட் தேவைப்படுவது கொதிநிலையை உயர்த்துவதற்கும் அரிப்பைத் தடுப்பதற்குமே.

பாதுகாப்பு

* வண்டி சூடானால் ஓரமாக நிறுத்திப் பொறியை அணைக்கவேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் நொடியில் கொதித்துப் பீறிடும். இதனால் முகமும் கைகளும் கடுமையாக வெந்துபோகக்கூடும்.
* கொதிக்கும் பொறியில் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது; உலோகம் விரிசல் விடக்கூடும்.
* வெப்பமானி திடீரென இறங்குவது எப்போதும் நற்குறி அன்று. நீர்மம் முழுதும் வெளியேறினால் உணரி ஆவியில் நின்று குறைவான அளவைக் காட்டலாம்.
* எத்திலீன் கிளைக்கால் கொண்ட கூலன்ட் இனிப்பானது, ஆனால் நஞ்சு. அதனைக் குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாதவாறு வைக்கவேண்டும். நிலத்திலோ நீர்நிலையிலோ கொட்டக்கூடாது.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* கடினநீர்
* பாலாறு