அம்மு அம்மையாரின் மூன்று நிபந்தனைகள்

நம் நாட்டில் தாயைப் போற்றாதார் எவருமிலர். தேசத்தையே மாதாவென்று வணங்குகிறோம். மேடையேறும் பிரசங்கியார் எவரும் மாதாவின் பெருமையைச் சொல்லாமல் தம் பேச்சை முடிப்பதில்லை. ஆயினும், அந்தத் தாய் உயிருடனிருந்த காலத்தில் என்ன கேட்டாள், கேட்டதில் நாம் எதைக் கொடுத்தோம் என்று கணக்குப் பார்ப்பவர் மிகச் சிலரே. எண்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1978-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் காலஞ்சென்ற ஸ்ரீமதி அம்மு சுவாமிநாதனின் வாழ்க்கையை, அக்கணக்கைப் பார்க்கும் பொருட்டே இன்று நினைவுகூர்கிறோம்.

அம்மையாரை அறிந்தவர்களிற் பலர் அவருடைய மக்களைக் கொண்டே அறிவர். நேதாஜியின் சேனையில் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை வகித்த காப்டன் லட்சுமி அவருடைய மூத்த புதல்வி. ஆமதாபாத்தில் தர்ப்பணா என்னும் கலைக்கூடத்தை நிறுவிய மிருணாளினி சாராபாய் இளைய புதல்வி. 1989-ஆம் ஆண்டுத் தேர்தலில் கான்பூரிலிருந்து பாராளுமன்றத்திற்குச் சென்ற சுபாஷிணி அலியும், நர்த்தகி மல்லிகா சாராபாயும் அவருடைய பேத்திகள். இத்தகைய மக்களையும் பேத்திகளையும் பெற்றது அவருடைய பாக்கியமென்று சொல்வாருண்டு. அம்மக்களுக்குக் கிட்டிய சுதந்திரம் எங்ஙனம் வந்ததென்பதையும் நாம் அறிதல் வேண்டும்.

பழைய மலபார் ஜில்லாவைச் சேர்ந்த ஆனக்கரையில் 1894-ஆம் ஆண்டு அம்மையார் பிறந்தார். தமையன்மார் கல்வி கற்க வெளியூர் சென்றனர்; பெண்ணாகப் பிறந்த இவரைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. வீட்டிலிருந்தவாறு மலையாளம் கற்றதே இவருடைய இளமைக் கல்வி. இவருக்குப் பதினான்கு வயது நிரம்புமுன் ஸ்ரீ சுவாமிநாதன் பெண் கேட்டு வந்தார். அவர் வயதில் மிக மூத்தவர். இவருடைய தந்தையாரிடம் இளமையில் உதவி பெற்றவர். கில்கிறைஸ்ட் உபகாரச் சம்பளத்தால் சீமை சென்று படித்து, சென்னையில் வக்கீலாக விளங்கியவர்.

அச்சிறுமி அவருக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தாரென்று குடும்பத்தார் பின்னாளில் கூறியிருக்கின்றனர். கிராமத்தில் வசிக்கமாட்டேன், பட்டணத்தில்தான் வசிப்பேன் என்பது முதலாவது. ஆங்கிலம் கற்பிக்க ஓர் ஆங்கில மாதை ஏற்பாடு செய்யவேண்டுமென்பது இரண்டாவது. எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய் என்று ஒருநாளும் என்னைக் கேட்கலாகாது. என் தமையன்மாரை யாரும் அவ்விதம் கேட்பதில்லை என்பது மூன்றாவது. சுவாமிநாதன் மூன்றுக்கும் இசைந்தார். 1908-ஆம் ஆண்டு விவாகம் நடந்தது.

நேயர்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டுகிறோம். சுவாமிநாதன் சொன்ன சொல் தவறாதவர். தவறியிருந்தால் அப்பெண் எந்த நியாயஸ்தலத்தில் முறையிட்டிருக்க முடியும்? அவர் பெற்ற கல்வியும் நடமாடும் உரிமையும் ஒரு நல்ல புருஷரின் தயையைப் பொறுத்திருந்தன. அத்தகைய கணவர் வாய்க்காத பெண்களின் கதி என்ன? அம்மையாரின் பொதுவாழ்வு முழுவதும் இக்கேள்விக்கு விடை தேடியதாகவே நமக்குத் தோன்றுகிறது.

1917-ஆம் ஆண்டு அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையார், மார்கரெட் கசின்ஸ் முதலியோர் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியபோது இவரும் உடனிருந்தார். பின்னர் காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டார். 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் வேலூர்ச் சிறை புகுந்தார். ஜாதி ஆசாரங்களை அவர் வெறுத்தார். அந்த வெறுப்பு மக்களிடத்தும் வேரூன்றியது. ஆனக்கரைப் பாட்டியார் தீண்டலாகாதென்று தடுத்த மலைஜாதிச் சிறுமி ஒருத்தியின் கையைப் பிடித்துச் சிறுமி லட்சுமி விளையாட அழைத்துச் சென்றார். பாட்டியாரின் கோபத்துக்கு அவர் அஞ்சவில்லை. ஒரே வீட்டில் ஒரு பாட்டி காத்த ஆசாரத்தைப் பேத்தி உடைத்தார். அதற்கு வேண்டிய தைரியத்தை இடையில் நின்ற தாயின் வாழ்க்கையே அளித்தது.

1946-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்திலிருந்து அம்மையார் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் பணியாற்றிய மாதர் 15 பேர். பள்ளிக்கூடத்தின் வாயிலையும் மிதியாத பெண், நாட்டின் மூலச் சட்டத்தை இயற்றுவோர் வரிசையில் அமர்ந்தார்! 1949 நவம்பர் 24-ஆம் தேதி அவர் ஆற்றிய உரையில், இந்தியா தன் மாதருக்குச் சம உரிமை தருவதில்லையென்ற வெளியாரின் பழிச்சொல்லுக்கு, இந்தியரே இயற்றிய இச்சட்டம் விடையளித்துவிட்டதென்று மகிழ்ந்தார். சட்டம் அளவுக்கு மீறி நீண்டுவிட்டது, கைப்பையில் எடுத்துச் செல்லும் சிறு நூலாக இருந்திருக்கலாம் என்று குறைகூறவும் அவர் தயங்கவில்லை. 1908-இல் ஒருவரிடம் நிபந்தனையாகக் கேட்டுப் பெற்றதை, 1949-இல் எல்லாப் பெண்களுக்கும் கேளாமலே உரிய பாத்தியதையாக்கும் பணியில் அவர் பங்கு கொண்டார். பெற்ற மக்களுக்கு மட்டுமன்றிப் பிறர் மக்களுக்கும் அவர் வைத்துச் சென்ற ஆஸ்தி இதுவே.

1952-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் திண்டுக்கல் தொகுதி அவரை மக்கள் சபைக்கு அனுப்பியது. அவர் பாராளுமன்றத்தில் இருந்த காலத்திலேயே ஹிந்து விவாகச் சட்டமும் (1955) வாரிசுச் சட்டமும் (1956) நிறைவேறின. ஆயினும் கூட்டுக்குடும்பச் சொத்தில் புதல்விக்குப் புதல்வனோடு சமமான பிறப்புரிமை, தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டிலும் நாடு முழுவதற்கும் 2005-ஆம் ஆண்டிலும்தான் வந்தது. சட்டசபைகளில் மூன்றிலொரு பங்கு ஸ்தானங்களை மாதருக்கு ஒதுக்கும் திருத்தம் 2023-இல் நிறைவேறியது. 2024-ஆம் ஆண்டு மக்கள் சபைத் தேர்தல் அதன்படி நடைபெறவில்லை. அத்தேர்தலில் 543 ஸ்தானங்களுக்கு வெற்றி பெற்ற மாதர் 74 பேரே.

சட்டம் மெல்லவேனும் நடந்து வருகிறது. நம் வீடுகளின் நிலை யாது? அம்மையாரின் முதலிரண்டு நிபந்தனைகளுக்கு இன்று பல குடும்பங்கள் இசைந்துவிட்டன. பெண்கள் பட்டணங்களில் வசிக்கின்றனர், கல்லூரிகளை நிரப்புகின்றனர். மூன்றாவது நிபந்தனையைப் பற்றித் தேசத்தொண்டரை நாம் கேட்க விரும்புகிறோம். பொதுக்கூட்டம் முடிந்து நள்ளிரவில் திரும்பும் உங்களை வீட்டில் எவரும் விசாரிப்பதில்லை. விளக்கேற்றும் வேளைக்குப் பின் வரும் புதல்வியை மட்டும் வாசலில் நிறுத்தி விசாரணை செய்கிறீர்கள். அந்த அச்சத்தால் எத்தனை பெண்கள் சங்கத்துக்கும் வாசகசாலைக்கும் வராமல் நின்றுவிடுகின்றனர்! இரவில் வீதியில் பயமுண்டென்றால், வீதியைச் செம்மை செய்வது ஆண்மக்களின் கடமை. பெண்ணை வீட்டில் பூட்டிவைப்பது அதற்குப் பரிகாரமாகாது.

தாயின் படத்துக்கு மாலை சூட்டுவது எளிது. பதினான்கு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி ஒரு நூற்றாண்டுக்கு முன் கேட்ட மூன்றாவது வரத்தை நம் புதல்வியர்க்கு அளிப்பதே அம்மையாருக்கு நாம் செய்யத்தக்க நன்றியாகும்.